நாலு போல்ட்டு பைப்ப தொடாதீங்க தம்பிகளா

மொரிஷியஸ் பக்கமா கப்பல்ல போற வர்ற நம்ம தமிழ்ப் பசங்களுக்கு, எஞ்சின் ரூம்ல இருக்கிற வைப்பர், மோட்டார்மேன், ஃபிட்டர், ஜூனியர் இஞ்சினியர் எல்லாருக்கும், இதப் படிக்கிற செகண்டு இஞ்சினியர், சீஃப் இஞ்சினியர் யாராவது இருந்தா அவங்களுக்கும் சேத்து,

வணக்கம். கப்பலோட எண்ணெய்க் கழிவ திருட்டுத்தனமா கடல்ல விடுறதப் பத்தி உங்ககிட்ட பேசணும். நான் தூத்துக்குடிக்காரன். 1996ல வைப்பரா கப்பல் ஏறினேன், ஃபிட்டரா இறங்கினேன். கட்டிக்கிட்டது மொரிஷியஸ் தமிழ்ப் பொண்ணு, அதனால இப்ப இருக்கிறது மாஹேபூர்ல, மீன்பிடி போட்டுகளுக்கு அவுட்போர்டு எஞ்சின் ரிப்பேர் பண்றதுதான் பொழப்பு. இங்க மாமனார் வீட்ல பேச்செல்லாம் கிரியோல்தான், தமிழ்னா கோயில்ல பாடுற தேவாரமும் தைப்பூசக் காவடியும், ஆனா என் பொண்டாட்டி கோயில் பள்ளிக்கூடத்துல தமிழ் படிச்சவ, அவகிட்டயும் புள்ளைங்ககிட்டயும் நான் நாள் பூரா தமிழ்லதான் பேசுறேன், அதனாலதான் இந்த மடலையும் தமிழ்லயே எழுதுறேன், உங்களுக்கு நேரா போய்ச் சேரணும்னு.

போன மாசம் ஒருநாள் காலையில என் மச்சான் கடல்ல இருந்து வந்து மீன் கூட்டோட கயிற என் பட்டறை வாசல்ல போட்டுட்டு, பாவா இது என்னன்னு பாருங்கன்னான். கயிறுல முழ நீளத்துக்கு கருப்பா அப்பியிருந்துச்சு. கட்டை விரலால தேய்ச்சேன், போகல, விரல் ரேகைக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. கொஞ்சம் சுரண்டி எடுத்து வெயில்ல தகரத்து மேல வச்சேன், இளகி பளபளன்னு வழிஞ்சுது, மோந்து பாத்தேன். அவுட்போர்டு எஞ்சின் ஆயில் வாசம் இல்ல, டீசல் வாசமும் இல்ல. பியூரிஃபயர் ரூம்ல நின்னவனுக்கு அந்த வாசம் ஜென்மத்துக்கும் மறக்காது. ஹெவி ஃபியூயல் ஸ்லட்ஜ் அது, பியூரிஃபயர்ல எரிபொருள சுத்தம் பண்றப்ப ஒதுங்குற கழிவு. எந்தக் கப்பல் விட்டதுன்னு யாருக்கும் தெரியாது, கேக்க ஆளும் இல்ல, மச்சான் அந்தக் கயிற வெட்டி எறிஞ்சுட்டு புதுக் கயிறு வாங்க கடன் சொல்லிட்டு வந்தான்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. காரணத்த மறைக்காம சொல்லிடறேன், நானும் ஒரு காலத்துல இந்த வேலைய செஞ்சிருக்கேன்.

என் ரெண்டாவது கப்பல். பேரு வேண்டாம், கம்பெனி பேரும் வேண்டாம். ஸ்லட்ஜ் டேங்க் ஃபுல், அத எரிக்கிற இன்சினரேட்டர் மூணு வாரமா ஓடல, ஸ்பேர் கேட்டு மெயில் போயிட்டே இருக்கு, வரல. ஒருநாள் ராத்திரி செகண்டு வந்து என்னையும் ஃபிட்டரையும் எழுப்பினாரு. ஒர்க்‌ஷாப்ல தட்டு அடுக்குக்குப் பின்னால ஒரு வளைஞ்ச பைப், ரெண்டு பக்கமும் ஃபிளேஞ்ச், ஒவ்வொண்ணுலயும் நாலு ஓட்ட. ஸ்லட்ஜ் பம்ப்போட டிஸ்சார்ஜ் லைன்ல ஒரு பிளாங்க, அதான் அடைப்புத் தகட, கழட்டினோம், தண்ணியையும் எண்ணெயையும் பிரிக்கிற செபரேட்டர் தாண்டி, கடலுக்குத் திறக்கிற ஓவர்போர்டு வால்வுக்கு முன்னாடி இன்னொரு பிளாங்க கழட்டினோம், நடுவுல இந்தப் பைப்ப வச்சு போல்ட்ட முடுக்கினோம். பத்து நிமிஷ வேலை. வாட்ச் முடியுறதுக்குள்ள டேங்க் காலி. அப்புறம் கழட்டி, துடைச்சு, பிளாங்க் போட்டு, செகண்டு சொன்னபடி போல்ட் தலையெல்லாம் சின்ன பிரஷ்ல பெயிண்ட் அடிச்சது நான்தான், ஸ்பேனர் பட்ட தடம் தெரியக்கூடாதுன்னு. பச்சப் பெயிண்ட். இன்னைக்கும் அந்தக் கலர பாத்தா வயித்துக்குள்ள ஏதோ பண்ணுது.

அதத்தான் மேஜிக் பைப்னு சொல்றாங்க. அதுல மேஜிக்லாம் ஒண்ணும் இல்ல தம்பி, நாலு போல்ட்டும் ஒரு பயந்த பையனும்தான்.

அப்ப எனக்கு ரூல் தெரியாது. தெரிஞ்சிருந்தா மட்டும் மறுத்திருப்பேனான்னு சத்தியமா சொல்ல முடியல, ஆனா தெரியாதவனால மறுக்கவே முடியாதுல்ல, அதனால எனக்கு பின்னால தெரிஞ்சத உங்களுக்கு சொல்றேன்.

மார்போல்னு தினமும் கேக்குறீங்க. கப்பலுங்க கடல அசுத்தம் பண்ணாம இருக்க 1973ல போட்ட ஒப்பந்தம், 1978ல திருத்தி, 1983 அக்டோபர்ல நடைமுறைக்கு வந்துச்சு. முதல் அனெக்ஸ் எண்ணெய்க்கு. எஞ்சின் ரூம் அடியில தேங்குற பில்ஜ் தண்ணிய கடல்ல விட அது முழுசா தடை போடல, நிறைய பேரு இத தெரியாம பேசுறாங்க. 400 டன்னுக்கு மேல உள்ள கப்பல், ஓடிக்கிட்டு இருக்கணும், செபரேட்டர் வழியாத்தான் போகணும், வெளிய போற தண்ணில எண்ணெய் 15 பி.பி.எம்.ஐ தாண்டக்கூடாது, அதுவும் தண்ணி கலந்து நீர்க்கடிக்காம. 15 பி.பி.எம்னா எவ்வளவு? ஆயிரம் லிட்டர் டேங்க் நிறைய தண்ணி, அதுல ஒரு டேபிள் ஸ்பூன் எண்ணெய். அவ்வளவுதான். எண்ணெய அளக்கிற மீட்டருக்கு ஃபிரெஷ் வாட்டர குடுத்து ஏமாத்துற வித்தை உங்களுக்கும் யாராவது சொல்லிக் குடுத்திருப்பாங்க, நீர்க்கடிக்காமன்னு ரூல்ல போட்டிருக்கிறதே இந்த மாதிரி வேலைக்கு இடம் வைக்கக்கூடாதுன்னுதான். பெரிய கப்பல்கள்ல 2005க்குப் பிறகு மாட்டின மெஷின்ல 15 தாண்டினா 20 செகண்டுக்குள்ள தானா நின்னு தண்ணி உள்ள திரும்பணும், அலாரத்தோட ரெக்கார்டு 18 மாசம் அதுக்குள்ளயே இருக்கும்.

டேங்கர்ல இருக்கிறவங்களுக்கு வேற கணக்கு, சரக்கு டேங்க் கழுவின தண்ணி கரையிலிருந்து 50 நாட்டிகல் மைல் தாண்டித்தான், ஒரு மைலுக்கு 30 லிட்டர் எண்ணெய்க்கு மேல போகக்கூடாது, மொத்தத்துல ஏத்தின சரக்குல 30,000ல ஒரு பங்கு. 3 லட்சம் டன் ஏத்தினா 10 டன். ஸ்பெஷல் ஏரியான்னு குறிச்ச கடல்ல சரக்கு எண்ணெய் ஒரு சொட்டும் ஆகாது, எங்கள தாண்டி நீங்க கேப், அதான் நன்னம்பிக்கை முனை, பக்கம் போறப்ப வர்ற தென்னாப்பிரிக்காவோட தெக்குக் கடல் 2008 ஆகஸ்டுல இருந்து அந்தக் கணக்குலதான் இருக்கு.

ஆனா ஸ்லட்ஜ்? பியூரிஃபயர் கக்குற அந்த கருப்புக் களி? அதுக்கு பி.பி.எம் கணக்கே கிடையாது. செபரேட்டர்லயும் விட முடியாது. இன்சினரேட்டர்ல எரிக்கணும், இல்ல கரையில குடுக்கணும். நம்ம எல்லாரும் மாட்டிக்கிறது இந்த இடத்துலதான். ஹெவி ஃபியூயல் எரிக்கிற கப்பலுக்கு ஸ்லட்ஜ் டேங்க் அளவு போடும்போது எரிபொருள்ல ஒண்ணரை சதவீதம்னு வச்சு கணக்கு போடுவாங்க. நாளுக்கு 30 டன் எரிச்சா 450 கிலோ. மாசத்துக்கு 13 டன்னுக்கு மேல. இந்த 13 டன்ன எங்க வைக்கிறதுன்னு ஆபீஸ்ல ஏசி ரூம்ல இருக்கிற சூப்பரின்டென்டன்ட் யோசிக்கணும், ஸ்லட்ஜ வாங்கிட்டுப் போற பார்ஜுக்கு காசு குடுக்கணும், குடுக்காம செலவ குறைன்னு ஒரு மெயில் மட்டும் போடுவாரு. ஸ்லட்ஜ கடல்ல ஊத்துன்னு யாரும் எழுதி அனுப்ப மாட்டாங்க தம்பி, எழுத்துல ஒரு வரி இருக்காது. மேலயிருந்து வர்றது செலவக் குறைன்னு, செகண்டுகிட்ட வரும்போது அது எப்படியாவது சமாளின்னு ஆகும், உங்க கையில வரும்போது அது ஸ்பேனரா இருக்கும்.

சீஃப்மாரே, உங்க மேல எனக்கு கோவம் கம்மிதான், நீங்களும் நடுவுல மாட்டினவங்கதான். ஆனா ஸ்லட்ஜ் ஃபுல் ஆகுதுன்னு மூணு வாரம் முன்னாடியே தெரியும் உங்களுக்கு. மெயில்ல எழுதுங்க. அடுத்த போர்ட்ல பார்ஜ் வேணும்னு ஏஜென்ட்டுக்கு முன்கூட்டியே சொல்லுங்க. அங்க வசதி இல்லைன்னா கப்பல் பதிவான ஃபிளாக் நாட்டுக்கு புகார் எழுத ஐ.நா.வோட கப்பல் அமைப்பு ஐ.எம்.ஓ ஒரு ஃபாரமே வச்சிருக்கு, அத எத்தன பேரு நிரப்பி அனுப்பியிருக்கீங்க? செபரேட்டர் ரிப்பேர்னா எண்ணெய்க் கணக்கு எழுதுற ஆயில் ரெக்கார்டு புக்ல எஃப் கோடு இருக்கு, ரிப்பேர்னு எழுதுங்க, அதுல அவமானம் ஒண்ணும் இல்ல. தவறிப்போய் கொட்டிட்டா ஜி கோடு இருக்கு, அதையும் எழுதலாம். கப்பலையோ உயிரையோ காப்பாத்த எண்ணெய கொட்ட வேண்டி வந்தா ரூலே மன்னிக்குது. உண்மைய எழுதுறதுக்கு அந்த புக்ல எல்லாத்துக்கும் ஒரு இடம் வச்சிருக்கான், எரிக்காதத எரிச்சேன்னு எழுதத்தான் இடம் வைக்கல.

அந்தப் பொய்தான் கடைசில கழுத்தப் பிடிக்கும். நடுக்கடல்ல ஊத்தினத யாரும் பாக்கலன்னு நினைக்கிறோம். அமெரிக்காவுல பெரும்பாலும் கேஸ் போடுறது ஊத்தினதுக்கு இல்ல, பொய் புக்க அவங்க போர்ட்டுக்குள்ள கொண்டு வந்ததுக்கு. பிரின்சஸ் குரூஸ் கேஸ் ஞாபகம் இருக்கா? 2013 ஆகஸ்டுல இங்கிலாந்து கரைக்கு 23 மைல் தள்ளி ஒரே தடவையில 4,227 கேலன், நம்ம கணக்குல 16,000 லிட்டர், மேஜிக் பைப்ல விட்டிருக்காங்க. புதுசா சேந்த ஒரு ஜூனியர் இஞ்சினியர் அதப் பாத்துட்டு போட்டோ எடுத்து, கப்பல விட்டு இறங்கி இங்கிலாந்து அதிகாரிங்ககிட்ட சொல்லிட்டாரு. 2016ல கம்பெனி குத்தத்த ஒத்துக்கிச்சு, 40 மில்லியன் டாலர் அபராதம். அந்த இஞ்சினியருக்கு கோர்ட்டு 10 லட்சம் டாலர் குடுக்கச் சொல்லுச்சு. அங்க சட்டத்துலயே துப்பு குடுத்தவங்களுக்கு அபராதத்துல பாதி வரைக்கும் குடுக்கலாம்னு இருக்கு. காசுக்காக செய்யுங்கன்னு நான் சொல்ல வரல, அவரு காசு வரும்னு நினைச்சு செஞ்சிருப்பாருன்னும் எனக்குத் தோணல. ஒரு சின்னப் பையன் தனியா நின்னு செய்ய முடிஞ்சுதுங்கிறதுதான் எனக்கு பெருசு. நான் அந்த வயசுல பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருந்தேன்.

ராத்திரி விட்டா தெரியாதுங்கிற காலமும் போச்சு. எண்ணெய் படிஞ்ச இடத்துல சின்ன அலை எழும்பாது, ராடார் சேட்டிலைட்ல அந்த இடம் கருப்பு கோடா விழும், இருட்டும் மேகமும் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. அந்தக் கோடு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதோ அந்த நேரத்துல அந்த வழியா போன கப்பலோட ஏ.ஐ.எஸ். தடத்த, அதான் கப்பல் தன் இடத்த ரேடியோவுல சொல்லிக்கிட்டே போற பதிவ, பக்கத்துல வச்சுப் பாத்தா போதும்.

கடல் பெருசு, கரைஞ்சு போயிடும்னு எங்க செகண்டு சொன்னாரு. ஒரு லிட்டர் எண்ணெய் வானவில் கலர்ல மெல்லிசா பரவினா முக்கால் ஏக்கருக்கு மேல மூடிடும். ஒரு லிட்டருக்கே இப்படி. ஸ்லட்ஜ் அப்படி பரவக்கூட செய்யாது, கட்டி கட்டியா உருண்டு மிதந்து, மாசக்கணக்கு கழிச்சு எவனோ ஒருத்தன் கயிறுல ஏறிக்கும்.

வகாஷியோங்கிற கப்பல் பத்தி சொல்லாம இந்த ஊர்லயிருந்து எண்ணெய் பத்தி பேச முடியாது. அது விபத்து, வேணும்னே விட்ட டிஸ்சார்ஜ் இல்ல, ரெண்டும் ஒண்ணுன்னு நான் குழப்பல. 2020 ஜூலை 25, சாயங்காலம், புவாந்த் தெஸ்னி பவளத் திட்டுல ஏறி நின்னுச்சு. எங்க வீட்ல இருந்து பைக்ல பத்து நிமிஷம். காலி பல்க் கேரியர்தான், ஆனா டேங்குல கிட்டத்தட்ட 4,000 டன் எரிபொருள். பன்னெண்டு நாள் அத பாத்துக்கிட்டே இருந்தோம். ஆகஸ்டு 6 காலையில காத்து திரும்பினப்ப வீட்டுக்குள்ளயே வாசம் வந்துச்சு, என் பொண்டாட்டி கேஸ் லீக்குன்னு நினைச்சு அடுப்ப போய் பாத்தா. நான் வாசல்ல நின்னுட்டேன். எனக்கு தெரிஞ்ச வாசம்.

சுமாரா ஆயிரம் டன் லகூனுக்குள்ள போச்சு. யாரும் கூப்பிடல, ஊரே வாட்டர்ஃபிரண்ட்ல கூடிடுச்சு. வலைத்துணிய விரிச்சு அதுல காஞ்ச கரும்புச் சோகைய அடைச்சு, நடுநடுவுல காலி பிளாஸ்டிக் பாட்டில மூடி போட்டு வச்சு, நீளமா பாம்பு மாதிரி உருட்டி தச்சோம், எண்ணெய மறிக்க. தலைமுடி எண்ணெய உறிஞ்சும்னு கேள்விப்பட்டு சலூன் கடைங்கள்ல இருந்து சாக்கு சாக்கா முடி வந்துச்சு. கோயில் ஆளுங்க, மசூதி ஆளுங்க, சர்ச் ஆளுங்க எல்லாரும் ஒரே வரிசையில தரையில உக்காந்து தச்சாங்க. என் மாமியாருக்கு அப்ப எழுபது வயசு, சாக்கு ஊசி பிடிச்சு ஒருநாள் முழுக்க தச்சாங்க, விரல் வீங்கிப்போச்சு. அவங்க பக்கத்துல உக்காந்து நான் சோகை அடைச்சேன், கையெல்லாம் அறுத்துச்சு, அப்ப ஒரு தரம் அவங்க கிரியோல்ல கேட்டாங்க, நீ கப்பல்ல இருந்தவன்தானே, இவ்வளவு எண்ணெய் கடல்ல போனத முன்னாடி பாத்திருக்கியான்னு. இல்லம்மான்னு சொல்லிட்டேன். இவ்வளவு இல்லைங்கிறது நிஜம்தான். ஆனா அவங்க கேட்டது அளவ பத்தி இல்ல.

ஆகஸ்டு 15 கப்பல் ரெண்டா உடைஞ்சுது. 31ந்தேதி சுத்தம் பண்ணப் போன டக் படகு ஒண்ணு ராத்திரியில பார்ஜோட மோதி முங்கிருச்சு, அதுல உயிர விட்டவங்க இந்த நாட்டு ஆளுங்க. 2021 டிசம்பர்ல கேப்டனுக்கும் சீஃப் ஆபீசருக்கும் இங்க கோர்ட்ல 20 மாசம் தண்டனை குடுத்தாங்க, ஒருத்தர் இந்தியாக்காரர், ஒருத்தர் இலங்கைக்காரர். ஜெயில்ல இருந்தது கப்பல்ல வேலை பாத்தவங்க, இத ஞாபகம் வச்சுக்கோங்க தம்பிகளா. கம்பெனிக்கு வக்கீல் இருப்பாரு, இன்சூரன்ஸ் இருக்கும். உங்களுக்கு சி.டி.சி.ங்கிற ஒரு மாலுமி புக்கும் ஊர்ல காத்திருக்கிற குடும்பமும்தான்.

நான் ஏன் ரெண்டையும் சேத்து சொல்றேன்னா, வகாஷியோவுக்கு உலகமே கேமராவோட வந்துச்சு. மச்சான் கயிறுக்கு யாரும் வரல. 2023 கடைசில செங்கடல்ல கப்பல்கள தாக்க ஆரம்பிச்சதுல இருந்து எத்தனையோ கப்பல் சூயஸ விட்டுட்டு கேப்ப சுத்திப் போகுது, அதுல நிறைய எங்க பக்கமாத்தான் போகுது. ராத்திரி கரையில நின்னா முன்னெல்லாம் ஒண்ணு ரெண்டு லைட்டு தெரியும், இப்ப வரிசையா தெரியுது. ஒவ்வொரு லைட்டுலயும் ஒரு எஞ்சின் ரூம், ஒரு ஸ்லட்ஜ் டேங்க், தூக்கத்துல எழுப்பப்படக்கூடிய ஒரு பையன். அதுல எத்தன பேரு நம்ம தூத்துக்குடி, நாகர்கோவில், ராமநாதபுரம், காரைக்கால், யாழ்ப்பாணம்னு நினைச்சுப் பாக்குறேன்.

எழுப்பினா என்ன செய்றதுன்னு கேப்பீங்க. வேலை போயிடும்னு பயம் இருக்கும், கடன் வாங்கி ஏஜென்ட்டுக்கு கட்டி ஏறியிருப்பீங்க, எனக்கு தெரியாதா. நான் வீரமா எதிர்த்துப் பேசுங்கன்னு சொல்லல. ஒரே ஒரு கேள்வி கேளுங்க, மரியாதையாவே கேளுங்க: சார், இத ரெக்கார்டு புக்ல என்னன்னு எழுதப் போறீங்க? அவ்வளவுதான். அந்தக் கேள்விய கேட்டதும் ராத்திரி ரெண்டு மணிக்கு பைப் தூக்கிட்டு வந்தவருக்கும் கை கொஞ்சம் நிக்கும், அவருக்கும் லைசென்ஸ் இருக்கு, பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு. அப்பவும் செய்ய சொன்னா, தேதி, நேரம், கப்பல் எங்க இருந்துச்சு, யாரு சொன்னாங்க, இத உங்க கையால ஒரு நோட்டுல எழுதி வையுங்க. கப்பல்ல இருக்கிறவங்க நேரா பேச கம்பெனில டி.பி.ஏ.ன்னு கரையில ஒரு ஆள் இருக்கணும்னு சட்டம், அவரு நம்பர் கப்பல்ல ஒட்டியிருக்கும். அதுல நம்பிக்கை இல்லைன்னா அந்தத் துறைமுக நாட்டுல இருந்து சோதனைக்கு வர்ற போர்ட் ஸ்டேட் ஆபீசர் கப்பல் ஏறி வரும்போது ஒரு வார்த்தை போதும். அவங்க கண்ணுக்கு போல்ட் தலையில புதுப் பெயிண்டே போதும், ஃபிளேஞ்ச திறந்து விரல விட்டு ஓவர்போர்டு பைப்புக்குள்ள கருப்பு இருக்கான்னு பாப்பாங்க.

15 பி.பி.எம் தண்ணியா இருந்தாலும் ஒரு வேண்டுகோள். எஞ்சின் ரூம் பில்ஜுக்கு இத்தன மைல் தள்ளின்னு ரூல்ல இல்ல, ஆனா நிறைய கம்பெனி 12 மைல் தாண்டித்தான்னு சொந்தமா வச்சிருக்கு, உங்க கம்பெனியும் அப்படி வைக்கச் சொல்லி கேளுங்க. எங்க பவளத் திட்டுக்குப் பக்கத்துல வேண்டாம். ஆகஸ்டு 15ல இருந்து அக்டோபர் 15 வரைக்கும் இங்க ஆக்டோபஸ் பிடிக்கக்கூடாதுன்னு சட்டம், குஞ்சு பொரிச்சு வளரட்டும்னு. வருமானத்த விட்டுட்டு ரெண்டு மாசம் சும்மா இருக்காங்க இந்த ஜனங்க.

கடைசியா உங்க கையால ஆகிற ஒரு வேலை. டெக்ல, எரிபொருள் ஏத்துற பங்கர் ஸ்டேஷன் பக்கத்துல, ஸ்லட்ஜ் ஷோர் கனெக்‌ஷன் இருக்கும். 215 மில்லி வட்டம், ஆறு ஓட்ட, ஒவ்வொண்ணும் 22 மில்லி. உலகத்துல எந்த போர்ட்டுக்கு போனாலும் அந்த அளவு மாறாது, சிங்கப்பூர் பார்ஜ் ஹோஸும் டர்பன் பார்ஜ் ஹோஸும் அதுல வந்து உக்காரணும்னு அப்படி வச்சிருக்காங்க. நான் இருந்த அந்தக் கப்பல்ல அது துருப்பிடிச்சு இறுகிக் கிடந்துச்சு, வருஷக்கணக்கா யாரும் தொட்டதில்ல, நாலு போல்ட்டு பைப்போட போல்ட்டுதான் வழவழன்னு கழண்டுச்சு. நாளைக்கு வாட்ச் முடிஞ்சு மேல ஏறும்போது ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் கிரீஸும் எடுத்துட்டுப் போங்க. அந்த ஆறு போல்ட்டையும் கழட்டிப் பாருங்க. வரலைன்னா எண்ணெய் விட்டு ஊற வச்சு மறுநாள் கழட்டுங்க, கேஸ்கெட் போயிருந்தா புதுசு வெட்டிப் போடுங்க, அடுத்த போர்ட்ல பார்ஜ் பக்கத்துல வந்து நிக்கிறப்ப அது கையால சுத்தினாலே கழலணும்.

இப்படிக்கு,
மாஹேபூர்ல இருந்து ஒரு பழைய ஃபிட்டர்